வேடந்தாங்கல் ஊராருக்கும் எங்களுக்குத் தோள் கொடுத்தோருக்கும் ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய வேடந்தாங்கல் ஊர்ப் பெரியோர்களுக்கும், எங்கள் பிள்ளைகளின் பறவை நோக்கும் பயணத்திற்கு ஒவ்வொரு வகையில் உதவிய அனைவருக்கும், வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியத்து அரசுப் பள்ளி ஒன்றின் அறிவியல் ஆசிரியை எழுதிக்கொள்ளும் நன்றி மடல்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த சனிக்கிழமையன்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 24 பேரை வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்திற்கு அழைத்துச் சென்று, இருட்டும் நேரத்தில் ஒருவருக்கும் ஒரு குறையுமின்றி ஊர் திரும்பினோம். நேரில் பார்க்க முடிந்தவர்களுக்கு அன்றே நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் இந்தப் பயணத்தில் ஒருவர் செய்த உதவி மற்றவருக்குத் தெரியாது. வேனை ஓட்டிய அண்ணனுக்குப் பேராசிரியர் ஐயா பட்ட பாடு தெரியாது. பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களுக்கு ஏரிக்கரைக் காவலர் காட்டிய பொறுமை தெரியாது. எல்லோரும் எல்லாவற்றையும் அறிய வேண்டும் என்பதற்காகவே இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில், எங்களுக்காக மூன்று மாலைப் பொழுதுகளை ஒதுக்கிப் பள்ளிக்கு வந்த, ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர் ஐயா அவர்களுக்கு நன்றி. தம்முடைய சொந்தப் பைனாகுலர்கள் மூன்றையும் பிள்ளைகளின் கையில் நம்பிக் கொடுத்தவர் அவர். பறவைப் படங்களைச் சுவரில் மாட்டிப் பெயர்களை மனப்பாடம் செய்ய வைப்பார் என்று நான் நினைத்திருந்தேன். அவரோ முதல் மாலை முழுவதும் ஒரு பறவையின் பெயரையும் சொல்லவில்லை. பள்ளி வேப்பமரத்தில் வந்து அமர்ந்த காகத்தையே காட்டி, அலகு எப்படி, கால் எப்படி, பறக்கும்போது கழுத்து நீண்டிருக்கிறதா மடங்கியிருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு எழுத வைத்தார். “பெயர் பிறகு வரட்டும், கண் முதலில் வரட்டும்” என்றார். கொக்கு கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும், நாரை கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கும் என்ற ஒரே குறிப்பை வைத்துக்கொண்டு, வானத்தில் வெகு உயரத்தில் போன பறவைகளை எங்கள் பிள்ளைகள் பின்னர் பிரித்துச் சொன்னபோது, அந்த முதல் மாலையின் அருமை எனக்கு விளங்கியது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் அவர் எங்களிடமிருந்து அகற்றினார். வேடந்தாங்கலுக்கு வருபவை எல்லாம் வெளிநாட்டுப் பறவைகள் என்று நானே வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா ஆகியவை நம் நாட்டுப் பறவைகளே என்றும், வடக்கே நெடுந்தொலைவிலிருந்து வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை இங்கே குளிர்காலத்தைக் கழித்து இரை மேய்ந்து திரும்புவனவே அன்றிக் கூடு கட்டுவதில்லை என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். மறுநாளே வகுப்பில் என் தவற்றைத் திருத்திச் சொன்னேன். ஐயா, அதற்காகத் தனியே ஒரு நன்றி.

அடுத்ததாகத் தாய்மார்களுக்கு நன்றி. பளிச்சென்ற நிறத்தில் உடுத்தக் கூடாது என்று பேராசிரியர் ஐயா சொல்லியிருந்தார். பொங்கல் முடிந்து சில நாள்களே ஆகியிருந்தன. வீட்டில் புதுத்துணி மடிப்புக் கலையாமல் இருக்க, வெளியூர்ப் பயணத்திற்குப் பழைய துணியில் போ என்று பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்லி இணங்க வைப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அன்று விடியற்காலையில் பள்ளி வாசலில் வந்து நின்ற 24 பேரும் வெளுத்துப் போன பச்சையிலும் பழுப்பிலும் சாம்பல் நிறத்திலும் இருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் தன் சிவப்புப் பாவாடையை விட மனமின்றி அணிந்து, அதன்மேல் தன் அப்பாவின் காக்கிச் சட்டையை முழங்கால் வரை தொங்கப் போட்டிருந்தாள். அவளுடைய அம்மா அதிகாலையில் எழுந்து அந்தச் சட்டையின் கைகளை மடித்துத் தைத்துக் கொடுத்திருந்தார்.

எங்கள் சத்துணவு அமைப்பாளர் அம்மா, விடுமுறை நாள் என்றும் பாராமல் நள்ளிரவு கடந்து எழுந்து புளிசாதம் கிளறிக் கொடுத்தார். நெகிழிப் பைகள் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், வாழையிலையில் கட்டி, தண்ணீரைப் பெரிய எவர்சில்வர் குடங்களில் நிரப்பி, வேனில் அவை உருளாதபடி கோணிச்சாக்கைச் சுற்றியும் வைத்திருந்தார். மாலை திரும்பியபோது எங்கள் குப்பை ஒரு சிறு சாக்கில் அடங்கிவிட்டது.

வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் முன்பணம் கொடுத்து ஏற்பாடு செய்திருந்த வண்டிக்காரர், முதல் நாள் இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, வர இயலாது என்று சொல்லிவிட்டார். 24 வீடுகளுக்கும் செய்தி சொல்லிப் பயணத்தை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்று நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரத்தில், எங்கள் மாணவன் ஒருவனின் தந்தை தாமாகவே முன்வந்தார். அவர் ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ கம்பெனிக்குப் பெண் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுபவர். அந்த இரவிலேயே தம் முதலாளியிடம் பேசி வேனுக்கு அனுமதி வாங்கி, கம்பெனிப் பெண்கள் வேலைக்குப் போக முடியாமல் நின்றுவிடக் கூடாதே என்று தம் மைத்துனரின் வண்டியை அந்தத் தடத்திற்கு மாற்றி அமைத்து, காலை நான்கரை மணிக்கு எங்கள் பள்ளி வாசலில் வந்து நின்றார். டீசல் செலவுக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்க மறுத்துவிட்டார். போக வர ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தூரமும் ஒலிப்பெருக்கியில் பாட்டுப் போடாமல் வண்டி ஓட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஜன்னல் வழியே வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தது அதனால்தான். அண்ணா, அன்று உங்களுடைய ஒரு நாள் கூலியும் போயிற்று என்பதை உங்கள் மகன் சொல்லித்தான் அறிந்தேன்.

ஆற்காட்டுக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவே ஒரு முறையும், காஞ்சிபுரம் தாண்டி இன்னொரு முறையும் பாலாற்றைக் கடந்தோம். எங்கள் பிள்ளைகளுக்குப் பாலாறு என்றால் மணல். 2021 நவம்பரில் கரைபுரண்டு வந்த வெள்ளத்தை மட்டும் அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். உடன் வந்த சமூக அறிவியல் ஆசிரியர், உத்திரமேரூரைக் கடக்கும்போது வேனில் எழுந்து நின்று, அவ்வூர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்ற ஒன்று இருந்ததையும், குடவோலை வழியே அதற்கு ஆள் தேர்ந்தெடுத்ததையும் எடுத்துச் சொன்னார். ஏரிக்கென்று ஒரு வாரியமா என்று பிள்ளைகள் வியந்தார்கள். அவருக்கும் நன்றி.

இனி, வேடந்தாங்கலில் எங்களை வரவேற்ற வேட்டைத் தடுப்புக் காவலர் ஐயாவைப் பற்றி. கரையில் ஏறியதும், நீரில் பாதி மூழ்கி நின்ற நீர்க்கடம்பு மரங்கள் வெள்ளை பூத்ததுபோல் தெரிந்தன. அது பூ இல்லை, பறவைகள் என்று புரிந்த கணத்தில் பிள்ளைகள் கூச்சலிட்டிருப்பார்கள். காவலர் ஐயா உதட்டில் விரலை வைக்கவுமில்லை, அதட்டவுமில்லை. தாமே மிக மெல்லிய குரலில் பேசத் தொடங்கினார். அவர் சொல்வதைக் கேட்பதற்காகவே 24 பேரும் அடங்கிப் போனார்கள். இருபது ஆண்டு ஆசிரியப் பணியில் நான் கற்றுக்கொள்ளாத ஒன்றை அன்று அவரிடம் கற்றேன்.

நாங்கள் நடந்து வந்த கரையோரத்தில் ஒரு வெற்று நத்தை ஓடு கிடந்தது. அவர் அதை எடுத்து ஒரு மாணவியின் உள்ளங்கையில் வைத்து, எங்காவது உடைந்திருக்கிறதா பார் என்றார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லை. நத்தைகுத்தி நாரை ஓட்டை நொறுக்குவதில்லை, கீழலகின் நுனியை உள்ளே செலுத்திச் சதையைப் பற்றுவிடுவித்து வெளியே இழுக்கிறது என்று விளக்கிவிட்டு, தொலைநோக்கியைக் கூட்டின் பக்கம் திருப்பினார். தாய்ப்பறவையின் இரண்டு அலகுகளுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. பக்கத்தில் நின்ற குஞ்சின் அலகில் அந்த இடைவெளி இல்லை. வளர வளரத்தான் அது வரும் என்றார். எல்லோரும் பார்த்து முடித்தபின், அந்த மாணவி ஓட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். “இருந்த இடத்திலேயே வைத்துவிடம்மா, நாளைக்கு வேறு ஒரு பிள்ளை பார்க்கட்டும்” என்றார் அவர். அவள் குனிந்து, வாய்ப்பகுதி முன்பிருந்தபடியே மேல்நோக்கி இருக்குமாறு வைத்துவிட்டு வந்தாள்.

கூழைக்கடாவின் குஞ்சு தாயின் தொண்டைக்குள் தலையை நுழைத்து மீனை எடுப்பதையும், நீரில் உடல் மூழ்கியிருக்கப் பாம்புத்தாராவின் கழுத்து மட்டும் மேலே நகர்ந்ததையும் பிள்ளைகள் பார்த்தார்கள். கண்காணிப்புக் கோபுரத்தில் ஏற நெரிசலாக இருந்தபோது தங்கள் முறையை விட்டுக்கொடுத்த, தாம்பரத்திலிருந்து வந்திருந்த குடும்பத்தினருக்கும் நன்றி.

இந்த மடலின் பெரும்பகுதி வேடந்தாங்கல் ஊராருக்கே உரியது. மதிய உணவுக்கு நிழல் தேடியபோது, ஊருக்குள் ஒரு பாட்டி தம் வீட்டுத் திண்ணையையும் முற்றத்தையும் எங்களுக்குத் திறந்துவிட்டு, குடத்து நீர் போதாது என்று தம் வீட்டுப் பானை நீரையும் மொண்டு கொடுத்தார். தீபாவளிக்கு இங்கே வெடி வெடிப்பீர்களா என்று ஒரு மாணவன் கேட்டான். மரத்தில் பிள்ளை பெற்றவள் இருக்கும்போது யாராவது வெடி வெடிப்பார்களா என்று அந்தப் பாட்டி திருப்பிக் கேட்டார். பிள்ளைகள் அதற்குப் பதில் சொல்லவில்லை.

பேராசிரியர் ஐயா எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்: 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில், வேட்டைக்கு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இந்தப் பறவைகளைச் சுட்டபோது, உங்கள் முன்னோர் அன்றைய செங்கற்பட்டுப் பகுதிக் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றார்கள், 1858 ஆம் ஆண்டில் அதை மீண்டும் உறுதிப்படுத்திக்கொண்டார்கள். அரசு இதைச் சரணாலயமாக ஏற்றது 1936 ஆம் ஆண்டில். உலகச் சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் இது சேர்ந்தது 2022 ஆம் ஆண்டில். அரசாணைக்கும் உலக உடன்படிக்கைக்கும் வெகு காலம் முன்பே ஊர் காவல் நின்றிருக்கிறது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவது உண்மைதான். அதற்காக மட்டும் ஓர் ஊர் இத்தனை தலைமுறைகள் கல் எறியாமலும் கண்ணி வைக்காமலும் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. நீங்கள் எங்களுக்குச் செய்த உதவி, எங்கள் பிள்ளைகள் பிறப்பதற்கு வெகு முன்பே தொடங்கியது. அதற்கு எந்தச் சொல்லால் நன்றி கூறுவது என்று தெரியாமல், வணங்குகிறேன்.

திரும்பும் வழியில், பொழுது சாயும் நேரத்தில் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் சற்று நேரம் நின்றோம். பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே நீர் பெறும் இந்த ஏரி எங்கள் பிள்ளைகள் பேருந்தில் பலமுறை கடந்து போன ஏரிதான். ஒருவரும் அதுவரை நின்று பார்த்ததில்லை. தேநீர்க் கடைக்காரர் ஒருவர், கரையில் எந்த இடத்தில் நின்றால் வெயில் கண்ணில் அடிக்காது என்று தம் கடையை விட்டு இறங்கி வந்து காட்டினார். நாமக்கோழிகளையும் முக்குளிப்பான்களையும் பிள்ளைகள் யாருடைய உதவியுமின்றித் தாங்களாகவே பெயர் சொல்லி எண்ணினார்கள். இப்போது சனிக்கிழமைதோறும் எங்கள் ஊர் ஏரியில் எண்ணுகிறார்கள். கடந்த வாரக் கணக்கு, மடையான் ஒன்பது, முக்குளிப்பான் நான்கு, மீன்கொத்தி இரண்டு.

பிள்ளைகள் அன்று எழுதிய குறிப்பேடுகளின் படிகளை வேடந்தாங்கல் ஊராருக்கும், காவலர் ஐயாவுக்கும் அஞ்சலில் அனுப்பியிருக்கிறோம். பேராசிரியர் ஐயாவின் பைனாகுலர்கள் மூன்றையும் துடைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை நேரில் கொண்டுவந்து தருகிறோம். அவற்றுள் ஒன்றின் வார் கோபுரப் படியில் மாட்டி அறுந்துவிட்டது. எங்கள் பேருந்து நிறுத்தத்தில் செருப்புத் தைக்கும் பெரியவர் அதை மெழுகு நூலால் இரட்டைத் தையல் போட்டுச் சீராக்கிக் கொடுத்தார். பிள்ளைகள் பறவை பார்க்கும் கருவி என்று கேட்டதும் கூலி வேண்டாம் என்று கையை விலக்கிக்கொண்டார். அவருக்கும் எங்கள் நன்றி.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவ மாணவியர் சார்பில்,
அவர்களுடைய அறிவியல் ஆசிரியை,
கணியம்பாடி ஒன்றியம், வேலூர் மாவட்டம்.