சூத்திரம் அப்புறம் வரட்டும்

ஆசிரியருக்கு,

பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்கள் பலர், நோய், உடல்நலம் பற்றிய எண்களை அலசும் உயிரியல் புள்ளியியல் என்றாலே மிரளுகிறார்கள். பாடத்தைச் சூத்திரத்தில் தொடங்கினால் யார்தான் மிரள மாட்டார்கள்?

முதலில் ஒரு கணக்கைக் கொடுங்கள். 10,000 பேரில் 100 பேருக்கு நோய். பரிசோதனை அவர்களில் 90 பேரைக் கண்டுபிடிக்கிறது. நோயில்லாத 9,900 பேரில் 5 சதவீதத்தினருக்கும், அதாவது 495 பேருக்கும், தவறாக 'நோய் உண்டு' என்கிறது. சரி, 'உண்டு' என்று வந்த 585 பேரில் உண்மையான நோயாளிகள் எத்தனை பேர்? வெறும் 90 பேர்! நோய் அரிதாக இருந்தால் நல்ல பரிசோதனையும் இப்படித் தடுமாறும் என்பது அப்போதே புரிந்துவிடும்.

வெறும் தற்செயல் என்றால் இப்படி ஒரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் பி மதிப்பு, உண்மையான அளவு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று காட்டும் நம்பிக்கை இடைவெளி எல்லாம் அப்புறம் வரட்டும். அவற்றை மென்பொருளே போட்டுத் தரும். 'எத்தனை பேரில்' என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் அது தராது. தேர்விலும் அந்தப் பழக்கத்தைச் சோதியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்