ஊசிக்கு முன்னால் காரணத்தைத் தேடுங்கள்

ஆசிரியருக்கு,

நோயாளிகளுக்கு வரும் கட்டுக்கடங்காத பரபரப்பு பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ளதுதான். ஆனால் எப்படி அடக்குவது என்பதற்குக் கொடுத்த இடத்தில் பாதியைக்கூட அது ஏன் வருகிறது என்பதற்குக் கொடுக்கவில்லை. வார்டில் நர்ஸாக இருக்கும் எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

கத்தலுக்கும் கை ஓங்கலுக்கும் முன்பே பெரும்பாலும் அறிகுறி தெரிந்துவிடும். கையைப் பிசைவார்கள், போர்வை ஓரத்தை இழுத்துக்கொண்டே இருப்பார்கள், உட்கார்ந்த மறுநிமிடம் எழுந்து நடப்பார்கள். அப்போதே ஒருவர் போய்ப் பேசினால் பல சமயம் தணிந்துவிடும். ஒரே ஒருவர்தான் பேச வேண்டும். நாலு பேர் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொன்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? இரண்டு கை தூரம் தள்ளி, வாசலை மறிக்காமல் நின்று, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினால் போதும்.

நேற்றுவரை தெளிவாக இருந்த முதியவர் இன்று ராத்திரி தடுமாறினால், 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடக் கூடாது. சர்க்கரை, ஆக்சிஜன், காய்ச்சல், வலி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கட்டிலை விட்டு இறங்கியே தீருவேன் என்று ஒரு பெரியவர் மல்லுக்கட்டினார். அமைதிப்படுத்தும் ஊசி போடலாமா என்று பேச்சு வந்தது. பார்த்தால் சிறுநீர் டியூப் தொடைக்கடியில் மடங்கிக் கிடந்தது, பையில் சொட்டு இல்லை, அடிவயிறு கல் போல் இருந்தது. மடிப்பை எடுத்துவிட்டோம், கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார். அதேபோல, குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் வியர்வையுமாக, இல்லாத உருவங்களைப் பார்த்து அலறுபவருக்கு உயிராபத்தே உண்டு.

கட்டுரை தொடாமலே விட்டது அகதீசியா என்ற இருப்புக்கொள்ளாத தவிப்பை. ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகளாலும், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடாலும் வரக்கூடியது. 'உள்ளுக்குள்ள என்னவோ பண்ணுது, ஒரு இடத்துல இருக்க முடியல' என்பார்கள். கால் நிற்காமல் ஆடும். நோய்தான் முற்றுகிறது என்று நினைத்து அதே மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும். புது மருந்து எப்போது ஆரம்பித்தது, டோஸ் எப்போது ஏறியது என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும். டோஸைக் குறைத்தோ, மருந்தை மாற்றியோ, ப்ரொப்ரனோலால் சேர்த்தோ டாக்டர்கள் சரிசெய்வார்கள்.

ஊசியே வேண்டாம், ஆளைப் பிடித்து நிறுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நோயாளிக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து என்றால் வேறு வழியில்லை. ஆனால் குப்புறப் போட்டு அழுத்தினால் மூச்சு நின்றுபோகலாம். ஊசிக்கு அப்புறம் மூச்சையும் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் அடங்கிவிட்டார் என்று நகர்ந்துவிடக் கூடாது.

அகதீசியா பற்றி வீட்டில் கவனித்துக்கொள்பவர்களுக்காக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மருந்தைத் தாங்களாக நிறுத்திவிடாமல், இந்தத் தவிப்பை டாக்டரிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்பதும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகி, செவிலியர்