பாம்பனில் சொல்ல வந்தது

அயனாவரம், சென்னை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். ஹிக்கிமில் நீ போட்ட போஸ்ட் கார்டு நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. பத்தொன்பது நாள் ஆகியிருக்கிறது. நீ பெங்களூர் திரும்பி, வேலைக்கும் போக ஆரம்பித்த பிறகு உன் கார்டு மெதுவாக வந்து படியேறுகிறது. தபால்காரர் பெட்டியில் போடாமல் பெல் அடித்துக் கையில் கொடுத்தார். பனிமலைப் படத்தைப் பார்த்து "எந்த ஊரும்மா இது?" என்றார். இமாச்சலத்தில் ஸ்பிதி பள்ளத்தாக்கில் 14,000 அடிக்கு மேலே இருக்கிற கிராமம், அங்கேயும் உங்கள் போஸ்ட் ஆபீஸ் இருக்கிறது என்று சொன்னேன். கார்டைத் திரும்ப வாங்கி, முத்திரையை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

படித்ததும் போன் பண்ணத்தான் கை போனது. அப்புறம் வைத்துவிட்டேன். நீ உட்கார்ந்து பேனாவால் எழுதினதற்கு நானும் உட்கார்ந்து எழுதுவதுதான் சரி.

முதலில் அந்தச் சண்டையைப் பேசி முடித்துவிடுகிறேன். மணாலியிலிருந்து கிளம்பி, அடல் சுரங்கத்தைத் தாண்டினதும் ஒரு போட்டோ அனுப்பினாய். அதற்கப்புறம் நான் அனுப்பினதெல்லாம் ஒரே டிக்கில் நின்றுவிட்டது. முதல் நாள் ராத்திரி போனது. மறுநாளும் போனது. 2023 ஜூலையில், நீ போன அதே சந்திரதால் ஏரியில் பனி கொட்டி இருநூறு பேருக்கு மேல் நாள்கணக்கில் மாட்டிக்கொண்ட செய்தியை நான் படித்தவள். மத்தியானத்துக்கு மேல் பனி உருகி ஓடைகள் ரோட்டின் மேலேயே பாயும் என்றும் எங்கோ படித்துத் தொலைத்தேன். வண்டி ஏற்பாடு செய்தவர்களுக்குப் போன் அடித்தால் எடுக்கவே இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஸ்பிதியில் காஜா என்கிற ஊரிலிருந்து நீ பேசினாய். குரல் கேட்ட சந்தோஷத்தைக்கூட காட்டாமல் நான் கத்திவிட்டேன். "நிம்மதியா ஒரு ட்ரிப் போக விடமாட்டியாம்மா" என்று நீயும் கத்தினாய். ஏரிக்கரையிலிருந்து வந்தவளை முதல் வார்த்தையிலேயே அழவைத்தது என் தப்பு. மனசில் வைத்துக்கொள்ளாதே.

ஆனால் நான் எதற்குப் பயந்தேன் என்பதை நீ சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 37 வருஷம் டெலிபோனில் வேலை பார்த்தவள் நான். லைன் போவது எனக்குப் புதிதில்லை.

1983-ல் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். ஜனங்கள் 180-க்கு அடித்து வெளியூர் கால் புக் பண்ணுவார்கள். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. வரிசையாகப் போர்டு முன்னால் உட்கார்ந்திருப்போம். காதில் ஹெட்செட், கையில் போர்டில் சொருகுகிற ஒயர், விளக்கு எரிந்தால் எடுக்க வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு நைட் டூட்டி. ஒருத்தர் தூத்துக்குடிக்கு புக் பண்ணியிருந்தார். அங்கே அவர் மனைவிக்குப் பிரசவ நேரம். மழையில் லைன் போய்விட்டது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறார். நானும் "ட்ரை பண்றோம் சார், ட்ரை பண்றோம் சார்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் குரல் ஏறிக்கொண்டே போகிறது. பக்கத்து போர்டில் இருந்த சீனியர் அக்கா என் பக்கம் குனிந்து, "ட்ரை பண்றோம்னு சொல்லாதேடி. எப்போ வரும்னு ஒரு நேரத்தைக் கேட்டுச் சொல்லு" என்றார். விசாரித்துவிட்டு, "காலையில அஞ்சு மணிக்கு முன்னாடி லைன் வராது சார்" என்று சொன்னேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரிம்மா, அஞ்சு மணிக்குக் கூப்பிடு, நான் கொஞ்சம் படுக்கிறேன்" என்றார். அதுவரைக்கும் எழுந்து நின்றுகொண்டே பேசியிருப்பார் போலிருக்கிறது.

அந்த மனுஷர் மாதிரிதான் பாப்பா நான் மூன்று நாளும் இருந்தேன். "ரெண்டு ராத்திரி சந்திரதால்ல தங்குவோம், அங்கே சிக்னல் கிடையாது, மூணாம் நாள் சாயங்காலம் காஜா போய்ப் பேசுறேன்" என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் போதும். நானும் படுத்துத் தூங்கியிருப்பேன். உனக்கும் இது தெரியாததில்லை. 2015 டிசம்பர் முதல் தேதி மழையில் இங்கே கரண்ட் போய், டவர்கள் பேட்டரியும் டீசலும் தீர்ந்து ஒவ்வொன்றாக அணைந்தபோது, கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இரண்டு நாள் எங்கள் குரல் இல்லாமல் நீதானே இருந்தாய். எக்ஸ்சேஞ்சிலிருந்து உன் ஹாஸ்டல் நம்பரைப் பிடித்து நான் பேசினபோது நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அழுகைதான் கேட்டது.

இனிமேல் மலைக்குப் போனால் அடுத்து சிக்னல் வரும் ஊர் எது, எந்த நேரம், வண்டி ஓட்டுகிறவர் நம்பர் என்ன, இந்த மூன்றையும் எனக்கு அனுப்பிவிடு. அப்புறம் போனை ஃப்ளைட் மோடில் போட்டு உள்ளே வை. நான் கோபத்தில் சொல்லவில்லை. டவர் இல்லாத இடத்தில் போன் அதைத் தேடியே சார்ஜைத் தீர்த்துவிடும், குளிரில் இன்னும் சீக்கிரம் இறங்கும். ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள் உன்னோடு வைத்துக்கொள். மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்துவிட்டால் டவர் இல்லாமலேயே நீ எங்கே நிற்கிறாய் என்று காட்டும். ஜி.பி.எஸ். நேராக செயற்கைக்கோளிலிருந்து வாங்குவது, அதற்கு சிம் வேண்டாம். ஆபத்து என்றால் 112 அடி, உன் கம்பெனி சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு எந்தக் கம்பெனி டவர் எட்டினாலும் அதில் போகும். கையில் ரொக்கம் வை, சிக்னல் இல்லாத ஊரில் டீக்கடையில் ஸ்கேன் பண்ண முடியாது. உன் அப்பா சாட்டிலைட் போன் வாங்கித் தரலாமா என்று கேட்டார். நம் நாட்டில் அரசாங்க அனுமதி இல்லாமல் அதை வைத்திருக்கக் கூடாது என்று சொல்லி உட்காரவைத்தேன்.

இப்போது உன் கார்டுக்கு வருகிறேன். அதில் நீ எழுதினதை அப்பாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "அம்மா, முதல் நாள் கை தானா பாக்கெட்டுக்குப் போய்க்கிட்டே இருந்துச்சு. ரெண்டாம் நாள் சாயங்காலம் ஏரிக்கரையில சும்மா உக்காந்திருந்தேன். தண்ணி நீலத்துலேர்ந்து பச்சையா மாறிச்சு. திடீர்னு ஞாபகம் வந்துச்சு, பாம்பன்ல நீ ஏதோ சொல்ல வந்தே, நான் சொல்ல விடலை. என்னம்மா அது?"

குரூப்பில் நீ அனுப்பின போட்டோக்களை எல்லாம் பார்த்தேன், ரொம்ப அழகு. ஆனால் நீ கரையில் சும்மா உட்கார்ந்திருந்தது இந்தக் கார்டில்தான் எனக்குத் தெரிந்தது.

புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்து, அடுத்த மாதமே நீதான் டிக்கெட் போட்டு என்னை அழைத்துக்கொண்டு போனாய். டிக்கெட், ரூம், ஆட்டோ எல்லாம் அந்தப் போனிலேயே முடித்தாய். நானாக இருந்தால் ரூமுக்கு நாலு லாட்ஜ் ஏறி இறங்கியிருப்பேன். அதெல்லாம் எனக்குப் பெருமைதான். ரயில் கடலுக்குள் இறங்கினதும் நீ ஜன்னலில் போனை வைத்துப் பிடித்தாய். நான் உன் தோளைத் தொட்டுப் பேச்செடுத்தேன். "ஒரு நிமிஷம்மா, வீடியோல உன் குரல் விழுது" என்றாய். நான் வாயை மூடிக்கொண்டேன். பாலம் முடிந்ததும் அதை ஸ்டேட்டஸில் போட சிக்னல் தேடினாய், அப்புறம் ஆபீஸ் மெசேஜ் வந்தது. மூன்று நாளும் நீ என் பக்கத்திலேயே இருந்தாய். ஆனாலும் அந்தப் பேச்சை எடுக்க எனக்கு இடமே கிடைக்கவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. இத்தனை நாள் சொல்லவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். 1974-ல் எனக்குப் பன்னிரண்டு வயது. உன் தாத்தாவுக்கு ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை, ரயில் பாஸ் உண்டு, அதில் என்னை மட்டும் ராமேஸ்வரம் அழைத்துப் போனார். தம்பி கைக்குழந்தை என்பதால் பாட்டி வரவில்லை. பழைய பாலத்தில் ரயில் நடக்கிற வேகத்தில்தான் போகும். கடலைப் பார்த்து நான் குதித்துக்கொண்டிருந்தேன். தாத்தா என் கண்ணை உள்ளங்கையால் பொத்தினார். அவர் கையில் எப்போதும் இரும்பு வாசனை அடிக்கும். "கண்ணைத் திறக்காதே. கப்பலுக்குத் திறக்கிற இடம் வரும்போது சத்தம் மாறும். எப்போன்னு சொல்லு பார்ப்போம்" என்றார். ரயில் பெட்டி செய்கிறவர் அவர், எல்லாவற்றையும் காதால்தான் சோதிப்பார். கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரே மாதிரி வந்த சத்தம் திடீரென்று உள்ளே வெற்றிடம் இருக்கிற மாதிரி அதிர்ந்தது. "இப்போ!" என்று கத்தினேன். கையை எடுத்துவிட்டு, பெட்டியில் இருந்தவர்களிடமெல்லாம் "என் பொண்ணு கண்டுபிடிச்சிட்டா" என்று சொன்னார்.

கோயிலுக்குப் போவதற்கு முன்னால் பாட்டிக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டார். நாங்கள் வீடு திரும்பி இரண்டு நாள் கழித்துத்தான் அது வந்தது. நாங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, பாட்டி அதை உரக்கப் படித்தாள்: "நல்லபடியாக வந்து சேர்ந்தோம். பாப்பா கண்ணை மூடிக்கொண்டே பாலத்தைக் கண்டுபிடித்தாள்." அந்தக் கார்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. உன்னுடையதையும் அதோடு வைத்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி நீ எடுத்த பாம்பன் வீடியோவைத் தேடிப் போட்டேன். "பாப்பா, கண்ணை" என்பது வரைக்கும் என் குரல் விழுந்திருக்கிறது. அப்புறம் நீ, அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. பாலத்தின் சத்தம் மட்டும் கடைசி வரைக்கும் சுத்தமாகக் கேட்கிறது. விளக்கை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை கேட்டேன். கப்பலுக்காகப் பாலத்தைத் தூக்குகிற இடம் வந்தது எனக்குத் தெரிந்தது. நீயும் போட்டுக் கேள். எத்தனையாவது நொடி என்று கார்டில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா