அது கோணல் இல்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் உங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் என் படத்தைப் போட்டு, 'வளைந்துபோன பழைய வயலின் வில்களை நிமிர்த்தும் ஊட்டி தச்சர்' என்று எழுதியிருந்தீர்கள். படம் நன்றாக வந்திருந்தது. ஆனால் நான் வில்லை நிமிர்த்துகிறவன் இல்லை. வளைவாகவே செய்கிறவன். அந்த வளைவுதான் என் தொழிலே.

இன்று கச்சேரியில் பார்க்கிற வில்லின் குச்சி, அதில் கட்டிய குதிரை முடியை நோக்கி உள்ளே குழிந்திருக்கும். இது பாரிஸில் ஃபிரான்சுவா தூர்த் என்பவர் 1780களில் கொண்டுவந்து நிலைநாட்டிய வடிவம். கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்த நம் பாலுசுவாமி தீட்சிதர் பிறந்த 1786ஐ ஒட்டிய சமாச்சாரம்தான். அதற்கு முன்னால், ஐரோப்பிய இசை மேதைகளான விவால்டி, பாக் காலத்தில் எல்லாம், குச்சி நேராக இருக்கும், இல்லையென்றால் லேசாக வெளியே வளைந்திருக்கும். அழுத்தினால் முடியோடு சேர்ந்து அதுவும் விட்டுக்கொடுக்கும். நுனி லேசு என்பதால் இறங்கு வீச்சு கனமாகவும் ஏறு வீச்சு மெலிதாகவும் விழும். பழைய ஐரோப்பிய இசையை அந்தக் காலத்து வில்லிலேயே வாசிக்க வேண்டும் என்கிற சிலர் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வருஷத்துக்கு நாலைந்து செய்கிறேன், அவ்வளவுதான். (கர்நாடக வித்வான்கள் தயவுசெய்து வர வேண்டாம். நீட்டி இழுக்க இது தோதுப்படாது.)

எழுதிய தம்பியைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 1989இல் இங்கே பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார அம்மா ஒருவர், முடி மாற்றச் சொல்லி ஒரு வில்லைக் கொடுத்துவிட்டுப் போனார். குச்சி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. ஊட்டி ஈரத்தில் முறுக்கிக்கொண்டது என்று நினைத்து, கேட்காமலேயே ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டி, தொடையில் வைத்து உள்பக்கமாக வளைத்துவிட்டேன். பெரிய சாமர்த்தியம் செய்த மாதிரி காசு கூட வாங்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா பெட்டியைத் திறந்தார், மூடினார். திட்டவில்லை. டீ போட்டுக் கொடுத்து, பழைய ஓவியங்கள் அச்சான புத்தகம் ஒன்றை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகக் காட்டினார். எல்லார் கையிலும் வெளியே வளைந்த வில். அந்தக் குச்சியைப் பழையபடி கொண்டுவர எனக்கு மூன்று வாரம் ஆனது. அடுத்த வில்லை நீயே செய் என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் முடி விஷயம். 'ஊட்டி குதிரைகளின் வால் முடியில்' என்று எழுதிவிட்டீர்கள். ஏரிக்கரையில் சவாரிக் குதிரை வைத்திருக்கிற பாய் என்னைப் பார்த்ததும் குதிரையைத் திருப்பி நிறுத்துகிறார். "என்ன ஆசாரி, வால் மேலேயே கண்ணா இருக்கீங்க?" என்கிறார். நான் வாங்குவது மங்கோலியா பக்கத்துக் குளிர்தேசக் குதிரையின் முடி, கட்டாகக் கடையில் வருவது. ஒரு வில்லுக்கு நூறு இழைக்கு மேல் வேண்டும். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முடிச்சு விழுந்ததையும் தட்டையானதையும் கழித்துவிடுவேன். என் வில்லில் திருகாணி கிடையாது. பிடிக்கட்டையை முடிக்கும் குச்சிக்கும் நடுவே செருகினால் அதுவே முடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆடிச் சாரலில் முடி நீண்டு தொளதொளத்துப் போகும்போது, கட்டைக்கும் முடிக்கும் நடுவே ஒரு துண்டு காகிதத்தை மடித்து வைத்தால் சரியாகிவிடும். பெரும்பாலும் உங்கள் நாளிதழ்தான் வைக்கிறேன்.

மூன்றாவதுதான் என்னை நிஜமாகவே சங்கடப்படுத்தியது. 'ஈட்டி மரத்தில் செய்கிறார்' என்று போட்டதும், மறுநாள் காலையிலேயே வனக்காப்பாளர் பட்டறை வாசலில் நின்றார். நான் வைத்திருப்பது சுரிநாமிலிருந்து வருகிற மரம். பாம்புத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருப்பதால் பாம்பு மரம் என்றே பெயர். ரசீதைக் காட்டினேன், அதில் இருந்த ஆங்கிலம் இரண்டு பேருக்குமே பிடிபடவில்லை. கடைசியில் ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்தேன். வீட்டில் உடைந்த பழைய நாற்காலியின் ஈட்டிக் காலைப் போட்டேன், மிதந்தது. என் குச்சியைப் போட்டேன், கல் மாதிரி அடிக்குப் போய்விட்டது. அவர் கையை விட்டு எடுத்து இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

ஆகவே ஒரு சின்னத் திருத்தம் போட்டால் நல்லது. செய்தியைப் பார்த்துவிட்டு இதுவரை ஐந்து பேர் வில்லை நிமிர்த்தக் கொடுத்துப் போயிருக்கிறார்கள். அதில் இரண்டு பக்கவாட்டில் நிஜமாகவே முறுக்கியிருந்தன, சரிசெய்து வைத்திருக்கிறேன். இரண்டில் குறை ஒன்றும் இல்லை. ஐந்தாவது, கூடலூரிலிருந்து பஸ்ஸில் வந்த ஒருவர் கொடுத்த அம்பு விடுகிற வில். அவர் போன் நம்பர் தராமல் போய்விட்டார். இதைப் படித்தால் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
நீங்கள் படம் போட்ட தச்சர்,
ஃபிங்கர்போஸ்ட், உதகை.