வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தக் குடும்பத்தாரைப் படமெடுக்கும் புகைப்படக் கலைஞர்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வெளியாளுக்குத் திறக்காத கதவு வீட்டுப் பிள்ளைக்குத் திறக்கிறது என்றும், அந்த நம்பிக்கையே இப்படங்களின் பலம் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். முப்பது ஆண்டுகளாகக் கேமராவை வைத்துப் பிழைக்கும் எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. கதவு திறப்பது உண்மைதான். ஆனால் வெளியாளிடம் முகத்தில் அடித்தாற்போல் "எடுக்காதே" என்று சொல்லிவிடலாம், பெற்ற பிள்ளையிடம் அதை எத்தனை பேரால் சொல்ல முடியும்?

கட்டுரை பாராட்டிய அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் நிக்கலஸ் நிக்சன், தம் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் 1975 முதல் ஆண்டுக்கு ஒரு படமாக, ஒரே வரிசையில் நிற்கவைத்து எடுத்துவந்தவர். அவர் பயன்படுத்தியது 8×10 அங்குலத் தாள் பிலிம் போடும் பெரிய கேமரா. அதை முக்காலியில் ஏற்றி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து ஃபோகஸ் பார்த்து, பிறகு பிலிமைச் செருகி முடிக்கும்வரை எதிரே நிற்பவர் காத்திருந்தாக வேண்டும். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யவும், பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளவும் அந்தக் காத்திருப்பு இடம் தருகிறது. கைப்பேசியில் எடுக்கும்போது, எடுத்து முடித்த பிறகுதான் எடுக்கப்பட்டவருக்கே தெரிகிறது.

ஆனாலும் கேமராவின் நிதானம் மட்டும் போதாது. அதே வகைக் கேமராவால் சாலி மேன் என்ற அமெரிக்கக் கலைஞர் தம் மூன்று பிள்ளைகளை எடுத்து 1992இல் புத்தகமாக வெளியிட்டபோது, அவற்றில் சில ஆடையில்லாத படங்களாக இருந்ததால் பெரும் சர்ச்சை எழுந்தது. வேண்டாத படங்களை நீக்கச் சொல்லும் உரிமை பிள்ளைகளுக்கு இருந்தது என்பார்கள். இருக்கட்டும்; ஏழு வயதில் சம்மதித்த படத்துக்கு முப்பது வயதிலும் அந்தப் பிள்ளை சம்மதிக்கும் என்று யார் உறுதி சொல்வது?

எனக்கு மரியாதை வருவது வேறு இரு புகைப்படக் கலைஞர்கள் மீது. லாரி சுல்தான், தம் பெற்றோரைப் பற்றிய 1992ஆம் ஆண்டு நூலில் தந்தையின் ஆட்சேபத்தையும் சேர்த்தே அச்சிட்டார். கோட்டு அணிந்து கட்டிலில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் தம் படத்தைப் பற்றி, அதில் உட்கார்ந்திருப்பது தாம் அல்ல, படமெடுத்த மகன்தான் என்கிறார் அந்தத் தந்தை. லட்டோயா ரூபி ஃபிரேசியரோ கேமராவைத் தாயிடமே கொடுத்தார். அமெரிக்காவின் பிராடக் என்ற எஃகு ஆலை நகரில் மூன்று தலைமுறைப் பெண்களின் வாழ்வைப் பதிவுசெய்த 2014ஆம் ஆண்டு நூலில் அந்தத் தாய் எடுத்த படங்களும் உண்டு.

இவ்வளவும் பேசுவதற்கு எனக்குள்ள தகுதி, நான் செய்த ஒரு தவறுதான். என் தாயார் நோயில் படுத்திருந்த மாதங்களில் அவரை நிறைய எடுத்தேன். அவற்றில் ஒன்றில் அவர் உள்ளங்கையை லென்ஸை நோக்கி நீட்டியிருப்பார். ரேகைகளும், ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பிளாஸ்திரியின் சுருக்கமும் துல்லியமாக விழுந்திருக்க, பின்னால் முகம் மங்கியிருக்கும். என் கைக்கு வந்த படங்களிலேயே சிறந்தது அதுதான் என்று நினைத்து, பெரிதாக அச்சிட்டுக் கண்காட்சியிலும் வைத்தேன். பார்த்தவர்கள் ஒளியைப் பற்றிப் பேசினார்கள். என் தங்கை மட்டும் அதன் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, "அம்மா வேண்டாம்னு கை காட்டியிருக்காங்கண்ணா, அது உனக்கு போஸாவா தெரிஞ்சுது?" என்று கேட்டாள். அன்று மாலையே படத்தை இறக்கிவிட்டேன். தாயார் அப்போது உயிரோடு இல்லை. அவரிடம் கேட்டுத் தெளியவும் வழியில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய படங்களை இனி வெளியிடும்போது, படத்தில் இருப்பவர் அதைப் பார்த்தாரா, வெளியிட ஒப்புக்கொண்டாரா என்பதைப் படக்குறிப்பில் ஒரு வரியாவது சேருங்கள். முடிந்தால் அடுத்த கட்டுரையைக் கலைஞரிடம் கேட்காமல், அவர் வீட்டில் பல ஆண்டுகள் லென்ஸுக்கு எதிரே உட்கார்ந்த ஒருவரிடம் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்