மகளிர் நடைச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவி அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் நடந்தவற்றைச் சங்க விதிப்படி உங்கள் முன் வைக்கிறேன். வழக்கமான செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு ஒழுங்காகக் கூடியது. கூட்டக் குறிப்புகள் பதிவேட்டில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். வாராந்தரக் காலை நடை, அடைமழை நாட்கள் தவிர, தடைபடவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பழைய உறுப்பினர்களின் தோழிகள். மருமகளை அழைத்து வந்த மாமியாரும் உண்டு. சந்தா, வரவு செலவு பற்றிப் பொருளாளர் தனியே வாசிப்பார். அவர் வேலையில் நான் தலையிடப் போவதில்லை.

இந்த ஆண்டில் பேச வேண்டியது மலை நடைப் பயணம்தான். அதைப் பற்றி நிறையப் பேச்சும் கொஞ்சம் மனவருத்தமும் இருந்ததால் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

வழியைத் தேர்ந்தெடுக்கும்போதே விவாதம் தொடங்கிவிட்டது. ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடப்பது? வரைபடத்தில் 12 கிலோமீட்டர் என்று பார்த்ததும், “காலை நடையிலேயே பாதி நடந்துவிடுகிறோமே” என்றார்கள் பலரும். மலையில் கிலோமீட்டரை மட்டும் எண்ணினால் போதாது. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு எளிய கணக்குச் சொன்னார். இன்றும் அதைத்தான் பலர் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அந்தக் கணக்கில், 600 மீட்டர் ஏறும் 12 கிலோமீட்டர் வழிக்கு மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஆனால் இது நிற்காமல், நல்ல பாதையில், சுமை அதிகமில்லாமல் நடக்கிற ஒருவருக்கான கணக்கு. படம் எடுக்க, பூவைப் பார்க்க, ஷூ லேஸ் கட்ட என்று நிற்கிற குழுவுக்கு அதில் பாதியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது. அந்த முடிவு சரியாகவே இருந்தது. எந்த நாளிலும் இருட்டில் நடக்க நேரவில்லை.

முன்பயிற்சிக்கு மாடிப்படிகளைப் பயன்படுத்தினோம். தண்ணீர் பாட்டில்களை முதுகுப்பையில் அடைத்துக்கொண்டு ஏறி இறங்கினோம். சிரித்தவர்கள் சிரிக்கட்டும், சமதரையில் எத்தனை சுற்று நடந்தாலும் தொடைக்கு அந்தப் பழக்கம் வராது. பையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். வீட்டில் கிடந்த, மகனுடையதோ கணவருடையதோ ஆன பெரிய பையைக் கொண்டுவந்த பலருக்கு முதல் பயிற்சியிலேயே தோள் வலித்தது. முதுகின் நீளத்துக்குப் பை பொருந்தாவிட்டால் இடுப்புப் பட்டை இடுப்பெலும்பில் உட்காராமல் வயிற்றில் இறங்கிவிடும். சுமை முழுவதும் தோளுக்குப் போய்விடும். பெண்களுக்கென்று வருகிற பைகளில் முதுகுப் பகுதி குட்டையாகவும், பட்டைகள் வேறு வளைவிலும் இருப்பது இதனால்தான். புதிதாக வாங்க வேண்டும் என்று யாரையும் நாங்கள் வற்புறுத்தவில்லை. பட்டைகளைச் சரிசெய்து, கனமான பொருளை முதுகை ஒட்டி வைத்ததிலேயே பாதி வலி போய்விட்டது.

ஷூ விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தோம். புது ஷூவோடு மலைக்கு வரக் கூடாது என்பது விதி. கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும் என்பதால் மாலையில் போய் வாங்கச் சொன்னோம். அதையும் மீறி, பெட்டி பிரிக்காத ஷூவோடு வந்த சகோதரி யார் என்று நான் சொல்லப் போவதில்லை. அவருடைய குதிகால் கொப்புளங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இனி முதல் நாள். புறப்பட்ட சிறிது நேரத்திலேயே குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. வேகமாக நடப்பவர்கள் முன்னே போய், ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னால் வருபவர்கள் முகம் சிவந்து, மூச்சு வாங்க அங்கே வந்து சேர்ந்த கணத்தில், “சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாமா?” என்று முன்னவர்கள் எழுந்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் நடந்தது என்ன? ஓய்வு அதிகம் தேவைப்படாதவர்களுக்கு நிறைய ஓய்வு. தேவைப்பட்டவர்களுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. மூத்த உறுப்பினர் ஒருவர் பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. நின்றபடியே இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி நடந்தார். அன்று மாலை அவர் யாரிடமும் பேசவில்லை. இன்னொருவர், “நாளை நான் அறையிலேயே இருந்துவிடுகிறேன், உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்” என்றார். தொந்தரவு என்ற அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. விடுமுறைக்கு வந்த இடத்திலும் ஒரு பெண் தன்னை அப்படி நினைத்துக்கொள்கிறார் என்றால் பிழை அவருடையது அல்ல, நடத்துகிற முறையினுடையது.

அன்று இரவே கூடிப் பேசினோம். மறுநாள் முதல் மெதுவாக நடப்பவரே முன்னே செல்வது, அவரை யாரும் முந்துவதில்லை என்று முடிவாயிற்று. ஓய்வு நேரம் கடைசி ஆள் பையை இறக்கிவைத்த பிறகே தொடங்கும். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும், பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை முன்னவர் நின்றாக வேண்டும். எல்லாருக்கும் பின்னால், வழி தெரிந்த ஒருவர் கடைசி ஆளாக வருவார். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.

முணுமுணுப்பு இருந்தது, மறைக்கவில்லை. “இந்த வேகத்தில் போனால் என் கால் மரத்துவிடும்” என்று ஒருவர் சொன்னார். வேகமாக நடப்பவருக்கு மெதுவாக நடப்பது உண்மையிலேயே சிரமம்தான். ஆனால் நண்பகலுக்குள் ஒரு விஷயம் எல்லாருக்கும் புரிந்தது. நிற்பது குறைந்துவிட்டது. முன்னே போன சகோதரி தன்னால் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் நடந்தார். மூச்சு வாங்காததால் அவர் நிற்கவே இல்லை. அவர் நிற்காததால் வேறு யாரும் நிற்கவில்லை. முதல் நாள் போல ஓடுவதும் காத்திருப்பதுமாக இல்லாமல் ஒரே சீராகப் போனதில், குறித்த நேரத்துக்கு முன்பே மேட்டை அடைந்தோம். காலையில் முணுமுணுத்தவர் கடைசி ஆள் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். பறவைகளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்ததாகவும் சொன்னார்.

இறக்கம்தான் சுலபம் என்ற எண்ணம் பலரிடம் இருந்தது. ஏறும்போது மூச்சுக்குத்தான் கஷ்டம். இறங்கும்போது முட்டிக்கும் தொடைக்கும். தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டியிருப்பதால் அதில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அந்த வலி உடனே தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று நாட்களில் உச்சத்துக்கு வரும். மூன்றாம் நாள் காலையில் நம் உறுப்பினர்கள் மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்கிய காட்சியை விடுதிக்காரர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். ஊன்றுகோல் வைத்திருந்தவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. ஏற்றத்தில் அதைக் குறுக்கியும் இறக்கத்தில் நீட்டியும் பிடிக்க வேண்டும். இறங்கத் தொடங்குமுன் கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டாவிட்டால் கால் முன்னே சரிந்து, விரல்கள் ஷூவில் இடித்து, நகம் கறுத்துவிடும். நகத்தை முன்கூட்டியே வெட்டிக்கொண்டு வரச் சொன்னது அழகுக்காக அல்ல.

சிகரத்துக்குப் போகாமல் திரும்பியது பற்றிச் சிலருக்கு இன்னும் வருத்தம் இருப்பதாக அறிகிறேன். நடந்ததைப் பதிவு செய்கிறேன். அன்று காலையிலேயே பனிமூட்டம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அதோடு காற்றும் ஈர உடையும் சேர்ந்தால் குளிர் இன்னும் கடுமையாகத் தெரியும். திரும்ப வேண்டிய நேரம் என்று ஒன்றைப் புறப்படும் முன்பே குறித்திருந்தோம். அது வருவதற்குள் இடி கேட்டது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணினோம். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்தால், 30 வினாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். நாங்கள் எண்ணி முடிக்கவே இல்லை. மேட்டு விளிம்பில் நின்று ஓட்டெடுப்பு நடத்துகிற நேரம் அது அல்ல, ஆகவே திரும்பினோம். சிகரம் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்தது என்பது உண்மை. அதனால் முடிவு தவறாகிவிடாது.

விசில் பயிற்சியைப் பலர் விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். மறந்தவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்: ஆபத்தில் இருந்தால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதுவது, ஒரு நிமிடம் நிறுத்துவது, மறுபடி ஊதுவது. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் ஊதுவார். பனிமூட்டத்தில் கூப்பிடும் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. தொண்டையும் சீக்கிரம் கட்டிவிடும்.

அடுத்தது, ஆண்டறிக்கையில் எழுதலாமா என்று செயற்குழுவில் கேட்கப்பட்ட விஷயம். எழுதத்தான் வேண்டும். வழியில் ஒதுங்க இடம் இருக்காது என்ற பயத்தில் பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. தலைவலி, சோர்வு, தசைப்பிடிப்பு, சில நேரம் சிறுநீர்த் தொற்று என்று அதன் விளைவுகள் வரிசையாக வரும். பெண்கள் மட்டும் போகிற பயணத்தில் இதற்காவது கூச்சம் வேண்டாம். இரண்டாம் நாள் முதல் ஓய்வுக்கு நிற்கும்போதெல்லாம் “யாருக்காவது ஒதுங்க வேண்டுமா?” என்று கடைசி ஆள் சத்தமாகவே கேட்டார். அதன் பிறகு பாட்டில்கள் காலியாகத் தொடங்கின. நீர்நிலையிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளிப் போக வேண்டும். நாப்கினை எக்காரணம் கொண்டும் புதைக்கக் கூடாது. அதில் இருக்கும் பிளாஸ்டிக் மட்காது, விலங்குகளும் தோண்டிவிடும். இறுக்கி மூடும் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவருவதுதான் வழி. மாதவிடாய் நாட்களில் வந்திருந்த சகோதரிகள் யாரும் பின்தங்கவில்லை என்பதையும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

கைப்பேசியை மாலைவரை அணைத்து வைப்பது என்று பேசிவைத்திருந்தோம். பாதுகாப்புக்காக இருவருடையது மட்டும் இயங்கியது. அதில் ஒன்றுக்கு மேட்டு உச்சியில் சிக்னல் கிடைத்ததும் வந்த முதல் அழைப்பு, அலமாரிச் சாவி எங்கே என்று கேட்டது. சாவி அலமாரியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

மழையில் அடைபட்ட மாலையில் மலையேறிய பெண்களைப் பற்றித் தலைவி பேசினார். 1808-இல் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங்க் சிகரத்தைத் தொட்ட மரி பாரடி, 1871-இல் அதே ஆல்ப்ஸில் மேட்டர்ஹார்ன் சிகரம் ஏறிய லூசி வாக்கர், 1907-இல் லண்டனில் தொடங்கிய பெண்கள் ஆல்பைன் சங்கம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டுபோய், ஜுன்கோ தபேயிடம் வந்து நிறுத்தினார். தன்னோடு ஏறச் சில ஆண்கள் மறுத்த காலத்தில், 1969-இல், ஜப்பானில் பெண்களுக்கான ஏறும் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். 1975 மே மாதம் எவரெஸ்ட்டில் பனிச்சரிவு அவர்களுடைய கூடாரங்களை மூடியது; பனிக்குள் புதைந்த தபேயை ஷெர்பாக்கள் வெளியே இழுத்தார்கள். பன்னிரண்டு நாட்கள் கழித்து, மே 16 அன்று, உச்சியை அடைந்த முதல் பெண் ஆனார். 1984 மே 23 அன்று, இந்தியப் பெண்களில் முதலாவதாக, பச்சேந்திரி பால் அதே உச்சியில் நின்றார்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்த பயணத்தில் கணவர்களையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று எழுத்துமூலம் ஒரு கோரிக்கை வந்திருக்கிறது. குடும்பமாகப் போவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. அதைக் குடும்பமாகப் போய்க்கொள்ளலாம். ஒதுங்குவது பற்றிச் சத்தமாகக் கேட்டதும், ஓர் இரவுப் பேச்சில் நடை முறையையே மாற்றியதும் கலப்புக் குழுவில் நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். இது செயலாளரின் கருத்து மட்டுமே. முடிவு பொதுக்குழுவினுடையது.

முதலுதவிப் பெட்டியில் பாதிக்கு மேல் குதிகாலுக்கே செலவாயிற்று. மற்றபடி பெரிய காயம் எதுவும் இல்லை.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு பரிந்துரைப்பவை: உறுப்பினர்களுக்கு இரவல் தர ஊன்றுகோல்கள் வாங்குவது, குறைந்தது இருவருக்கு முதலுதவிப் பயிற்சி அளிப்பது, முதல் நாள் இரவு முடிவு செய்த நடை விதிகளைச் சங்க விதியாகவே சேர்ப்பது. மூன்றாவதைத் தீர்மானமாக நான் முன்மொழிகிறேன். வழிமொழிய விரும்புகிறவர்கள் அறிக்கை முடிந்ததும் கை உயர்த்தலாம். கணவர்கள் பற்றிய கோரிக்கை அதற்குப் பிறகு விவாதத்துக்கு வரும். கடைசி ஆள் பொறுப்புக்கு இப்போதே மூன்று பேர் போட்டியிடுகிறார்கள். பெயர் கொடுக்க நினைப்பவர்கள் கூட்டம் முடிவதற்குள் துணைச் செயலாளரிடம் கொடுத்துவிடவும்.

இங்ஙனம்,
செயலாளர்