திரையில் சரி, ஏபிஐயில் பிழை: மெட்டாடேட்டா பதிவகச் சேவை குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: பதிவகத்தின் ஏபிஐ தவறான, குறைபட்ட தரவு தருவது குறித்து

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் மெட்டாடேட்டா பதிவகத்துக்கு, அதாவது தரவுப் புலங்களின் பொருளையும் அவற்றில் ஏற்கத்தக்க மதிப்புகளையும் பதிந்துவைக்கும் சேவைக்கு, சந்தா கட்டிப் பயன்படுத்தும் மென்பொருள் உருவாக்குநர் நான். எங்கள் படிவங்களில் எந்தப் புலத்தில் எந்தெந்த மதிப்புகளை ஏற்கலாம் என்பதை நிரலே பதிவகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகத்தான் வாங்கினோம். திரையில் செய்வதையெல்லாம் ஏபிஐ (நிரல்கள் நேரடியாகத் தரவு கேட்டுப் பெறும் இடைமுகம்) வழியாகவும் செய்யலாம் என்று சொல்லித்தான் விற்றீர்கள்.

நாட்டுக் குறியீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 3166 தரத்தின் எண் குறியீடு மூன்று இலக்கம் கொண்டது: ஆஸ்திரேலியாவுக்கு 036, ஆப்கானிஸ்தானுக்கு 004. உங்கள் திரையிலும் அப்படித்தான் இருக்கிறது. ஏபிஐயிலோ 36, 4 என்று வருகிறது. சரமாக, அதாவது எழுத்துத் தொடராக, அனுப்ப வேண்டியதை எண்ணாக அனுப்புகிறீர்கள். ஏபிஐ பதில் வரும் ஜேசன் (JSON) வடிவத்தில் எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் நிற்காது. ஜப்பானின் 392 போன்றவை தப்பித்துவிடுவதால் பிழை சட்டென்று கண்ணில் படுவதும் இல்லை. இதை உங்கள் உதவிக் குழுவுக்கு எழுதினால், "இங்கே சரியாகத்தான் தெரிகிறது" என்று திரையைப் படம்பிடித்து அனுப்பி புகார் டிக்கெட்டை மூடிவிட்டார்கள். திரையைப் பற்றி நான் புகாரே சொல்லவில்லையே!

இதைவிடப் பெரிய தலைவலி பதிவு நிலை. மெட்டாடேட்டா பதிவகங்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 11179 தர முறைப்படி, பதிவான ஒவ்வொரு தரவு உறுப்புக்கும் (விவரம் பதியப்பட்ட தரவுப் புலத்துக்கும்) பதிப்பும் பதிவு நிலையும் உண்டு. ஓர் உறுப்பு நடப்பில் இருக்கிறதா, விலக்கப்பட்டதா, அதன் இடத்துக்கு வேறொன்று வந்துவிட்டதா என்பதைத் திரையில் ஒரு நிறப்பட்டை காட்டிவிடுகிறது. ஏபிஐ பதிலில் அந்தப் புலமே கிடையாது. ஆள் பார்த்தால் ஒதுங்கிக்கொள்வார், நிரலுக்கு என்ன தெரியும்? விலக்கப்பட்ட உறுப்புகளையும் சேர்த்து வாரிக்கொண்டு வந்து படிவத்தில் வைத்துவிட்டது.

அப்புறம், இல்லாத அடையாள எண்ணைக் கேட்டால் "கிடைக்கவில்லை" என்னும் 404 குறியீடு வர வேண்டும். உங்கள் சேவை "எல்லாம் சரி" என்னும் 200 குறியீட்டைச் சொல்லி வெற்றுப் பட்டியலை நீட்டுகிறது. பதிப்புகளை ஒப்பிடும் கருவி ஏபிஐயில் இல்லவே இல்லை. அதற்காவது கொஞ்சம் பொறுத்திருப்போம்.

குறியீடுகளைச் சரமாக அனுப்புங்கள். பதிவு நிலையையும், விலக்கியிருந்தால் மாற்று உறுப்பின் அடையாள எண்ணையும் பதிலில் சேருங்கள். ஆனால் இப்போதுள்ள ஏபிஐ முகவரியிலேயே சத்தமில்லாமல் மாற்றிவிடாதீர்கள். எண்ணை எதிர்பார்க்கும் எங்கள் நிரல் சரத்தைக் கண்டதும் நின்றுவிடும். புதிய பதிப்பாக வெளியிட்டு, பழையதை எந்தத் தேதியில் நிறுத்துவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

மூடிய டிக்கெட்டைத் திறந்து, ஏபிஐ தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, எழுத்துமூலம் பதில் அனுப்பவும். திருத்த முடியாது என்றால் மீதிக் காலத்துக்கான சந்தாத் தொகையைத் திருப்பித் தரவும்.

இப்படிக்கு,
சந்தாதாரர்